நூற்றுக்கு நாலு

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர் அவர். அதனால் ஊரில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, இனிமேல் வீட்டில் நிம்மதியாக உட்காருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். மறுநாள் காலையிலேயே கட்சி அவரைப் பிடித்துக்கொண்டது. வேலையில் இருந்தபோது மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் கட்சிக்காரராக இருந்தவர், அன்றிலிருந்து முழுநாளும் கட்சிக்காரர் ஆனார். ஓய்வு என்றால் என்னவென்று அவருடைய முழங்கால்கள் இன்றுவரை பார்த்ததில்லை.

கட்சியில் அவருக்குப் பதவி என்று எதுவும் கிடையாது. மேடையில் நாற்காலி கிடையாது, சுவரொட்டியில் படம் கிடையாது. ஆனால் தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால் அவர் இல்லாமல் ஒன்றும் ஓடாது. வாக்காளர் பட்டியலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று குறிகளில் ஒன்றைப் போடுவார். நமக்கு என்றால் சரிக்குறி, எதிரிக்கு என்றால் பெருக்கல் குறி, பிடிபடவில்லை என்றால் ஒரு சுழி.

யாருக்கு ஓட்டு என்று அவர் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? அதற்கு அவரிடம் வேறு வழி இருந்தது. "கண்டிப்பா உங்களுக்குத்தான்" என்று வாசலிலேயே அடித்துச் சொல்கிற வீட்டுக்குப் பெருக்கல் குறி. "பாக்கலாம்" என்று இழுக்கிற வீட்டுக்குச் சுழி. கட்சியைத் திட்டி, தலைவரைத் திட்டி, சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு இவரையும் சேர்த்துத் திட்டி, அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைக்கிற வீட்டுக்குத்தான் சரிக்குறி. உரிமை இருக்கிறவர்கள்தானே திட்டுவார்கள். இந்த முறையில் அவர் கணக்கு பெரிதாகத் தப்பியதே இல்லை.

ஒரே ஒரு முறை அந்தக் கணக்கால் கெட்டது வந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் உள்ளாட்சித் தேர்தல். நானூறு ஓட்டில் ஜெயிக்கிறோம் என்று உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் படித்த நம் ஆட்கள் வாக்குப்பதிவு நாளன்று டீக்கடையில் உட்கார்ந்து வெற்றி விழாவுக்கு எந்தப் பாட்டுப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வயதானவர்களை அழைத்துவர ஒருவரும் போகவில்லை. அறுபத்து நாலு ஓட்டில் தோற்றார்கள். தோற்றதும் பழி யார் மீது விழும்? கணக்கு எழுதியவர் மீதுதான் விழுந்தது.

அன்றிலிருந்து அவர் உள்ளதை உள்ளபடி எழுதுவதை விட்டார். சரிக்குறிகளைக் கூட்டி, அதில் நூற்றுக்கு இரண்டைச் சுழியாக மாற்றிவிட்டுத்தான் மேலே அனுப்புவார். இழுபறி என்று தெரிந்தால் ஆட்கள் ஓடுவார்கள், ஓடினால் ஜெயிப்போம், ஜெயித்தபின் யார் கேட்கப்போகிறார்கள். தான் இரண்டு கழிப்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. தலைமையில் இருப்பவர்கள் விவரமானவர்கள், தன் கணக்கைவிட முடிவு எப்போதும் கொஞ்சம் மேலேயே வருவதைக் கவனித்திருப்பார்கள், இன்னார் கழித்து எழுதுகிறவர் என்று புரிந்து வைத்திருப்பார்கள் என்று தானாக நம்பிக்கொண்டார். அப்பாவி மனுஷன். இப்படி ஒருவர் இருப்பதே தலைமைக்குத் தெரியாது.

அவர் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கும் கடை, மூன்று மெஷின். இருபத்தேழு வருடங்களுக்கு முன் ஒரு தேர்தலுக்குக் கொடி தைத்துத் தரச் சொல்லி அவர்தான் துணியைக் கொண்டுவந்து போட்டார். தைத்த கொடியைக் கொடுக்கப் போன இடத்தில் பேச்சாளர் வரத் தாமதமாக, நீங்கள் ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று யாரோ விளையாட்டாக ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். பேச்சாளர் வந்து ஓரமாக நின்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு முறை கவுன்சிலர் ஆனாள். கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களும் ரேஷன், பட்டா, பென்ஷன் என்று மனு கொடுக்க வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே தலையாட்டி எல்லாருக்கும் பதில் சொல்லுவாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. நாடாளுமன்றத் தேர்தல் வரப்போகிறது என்றதும் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டாள். "ஒரு தடவை எம்.பி. சீட்டு கேட்டுப் பாக்கட்டுமாங்க?" என்றாள். சாதம் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது அவருக்கு. சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நிறைந்தது. கேளு என்றார்.

விருப்ப மனு கொடுத்து, தலைநகருக்கு ரயிலேறி, நேர்காணலுக்குப் போய்வந்தாள். நாலு மணி நேரம் காத்திருப்பு, மூன்று நிமிடம் கேள்வி. ஜெயிக்க முடியுமா என்று கேட்டார்களாம். முடியும் என்றாளாம். எப்படிச் சொல்கிறீர்கள் என்றதற்கு, எங்க வீட்டுக்காரர் கணக்கு வரும், அதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த மூன்று நிமிடத்தில் தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து அதை அவரிடம் சொன்னபோது அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

கட்சியில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, பதவிதான் பெயர். மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்பார்கள், வட்டச் செயலாளரை வட்டம் என்பார்கள். நேர்காணல் முடிந்த வாரம் மாவட்டம் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை வேட்பாளரை அறிவிக்கும் முன்பே எல்லாத் தொகுதிக்கும் தலைமை கணக்குக் கேட்கிறது, தொகுதி முழுவதற்கும் நீங்களே தொகுத்துத் தாருங்கள் என்றார். எழுந்து வாசல்வரை வந்தவர், தோளில் கை வைத்துச் சிரித்தபடியே ஒன்று சொன்னார்.

"கட்சிக் கணக்குல வீட்டுக் கணக்கு கலந்துடாம பாத்துக்கங்கண்ணே."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மீட்டர்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு வீட்டு மீட்டரைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை அவர். பெண்டாட்டிக்காகக் கணக்கை ஊதிவிட்டான் என்று நாளை நாலு பேர் பேசினால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? அங்கேயே, படியில் இறங்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார்.

ஒரு மாதம் அலைந்தார். தொகுதி என்றால் பெரிய ஊரே அஞ்சு, தெருக்கள் ஆயிரக்கணக்கில். தன் ஊரைத் தானே நடந்து முடித்தார். மற்ற ஊர்களில் வட்டங்கள் குறித்துக் கொடுத்ததை வாங்கிவந்து, கடையில் சீருடைத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து கூட்டினார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்காது. அவள் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை, எவ்வளவு வருகிறது என்று கேட்கவில்லை. டீ மட்டும் வைத்துவிட்டுப் போவாள். அவருடைய நேர்மையில் அவளுக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் இருவரையும் கெடுத்தது.

கூட்டி முடித்தபோது ஏழாயிரம் ஓட்டு முன்னால் இருந்தார்கள். வழக்கப்படி நூற்றுக்கு இரண்டு கழித்தால் மூவாயிரம் மிஞ்சும். மாவட்டத்தின் கை தோளில் இருப்பது போலவே இருந்தது. நூற்றுக்கு நாலாகக் கழித்தார். கணக்கு ஆயிரம் ஓட்டு பின்னால் போனது. ஆயிரம் என்பது ஒரு பெரிய விஷயமா, பிரச்சாரம் சூடு பிடித்தால் எங்கேயோ போய்விடும், அதுவும் மீட்டர் கழித்து எழுதுவான் என்று தலைமைக்குத் தெரியாதா என்று தன்னையே தேற்றிக்கொண்டு உறையை ஒட்டினார்.

பதினெட்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டது. எங்கேயோ இருக்கிற ஒரு வக்கீல் வேட்பாளர். அவருடைய கட்சிக்கு இந்தத் தொகுதியில் கொடிக்கம்பமே மொத்தம் ஆறோ ஏழோதான்.

கடையில் செய்தி சொல்ல வந்தவர்கள்தான் கத்தினார்கள். அவள் தைத்துக்கொண்டிருந்த கைப்பகுதியை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, எல்லாருக்கும் டீ சொல்லச் சொன்னாள். தலைமைக்கு ஆயிரம் கணக்கு இருக்கும், விடுங்கள் என்றாள். கணக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் மீட்டர்காரர் கடையிலிருந்து இறங்கினார்.

நேராக மாவட்டத்திடம் போனார். அங்கே ஃபேன் ஓடியது, மாவட்டம் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். இவர் கேட்கும் முன்பே அவர் புலம்ப ஆரம்பித்தார். தோற்கிற தொகுதிகளையெல்லாம் மொத்தமாகக் கூட்டணிக்குத் தள்ளிவிட்டார்களாம். தலைமைக்குப் போன கணக்கில் நம் தொகுதி நாலாயிரம் பின்னால் இருந்ததாம்.

நாலாயிரமா, நான் ஆயிரம்தானே எழுதினேன் என்றார் மீட்டர்காரர்.

மாவட்டம் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். "நான்தான் இன்னும் ஒரு மூவாயிரம் கழிச்சு அனுப்பினேண்ணே. இழுபறின்னு தெரிஞ்சாத்தான் தலைவர் பொதுக்கூட்டத்துக்கு வருவாரு. வேட்பாளரையே இதை வச்சு முடிவு பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்பட இவருக்கு என்ன யோக்கியதை? வெளியே வந்து, மூன்று நாள் அஞ்சு ஊருக்கும் பஸ் ஏறி ஒவ்வொரு வட்டத்தையும் தனியாகப் பிடித்துக் கேட்டார். மழுப்பினார்கள், தலையைச் சொறிந்தார்கள், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். எல்லாருமே கழித்திருந்தார்கள். தோற்றால் பழி வரக்கூடாதே என்று ஒருவர், கூடுதலாக எழுதினால் மீட்டர் அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று ஒருவர். கொஞ்சம் அடக்கியே எழுதுங்கப்பா என்று பத்தொன்பது வருடமாக இவரே படித்துப் படித்துச் சொன்னதைத்தான் அவர்கள் செய்திருந்தார்கள். கழித்ததையெல்லாம் திரும்பக் கூட்டினார் அவர். பதினோராயிரம் ஓட்டு முன்னால் இருந்தது தொகுதி; மாவட்டத்திடமும் ஃபோனில் அதைச் சொன்னார். அத்தனை பேரும் ஜாக்கிரதையாக இருந்து, ஜெயிக்கிற இடத்தைத் தோற்கிற இடமாக ஆக்கி வைத்திருந்தார்கள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கவில்லை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம், வெட்டு மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு நாலு, மாவட்டம், வட்டங்கள், பதினோராயிரம், எல்லாம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அவள் கை கத்தரிக்கோலை மேஜையில் வைப்பது மட்டும்தான் தெரிந்தது.

சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள். "வழக்கமா ரெண்டு கழிப்பீங்க. எனக்கு மட்டும் எதுக்கு நாலு?"

"நீ என் பொண்டாட்டிங்கிறதால," என்றார். இதைவிட நியாயமான பதில் அவரிடம் இல்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சரிக்குறி போட்டது போல இருந்திருக்கும். சாக்குக்கட்டியை எடுத்துத் துணியில் ஒரு கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். பிறகு அவளே அவருக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

"அந்தப் பதினோராயிரம் கணக்கு இந்தத் தடவை தப்பாத்தான் இருக்கும். நான் நின்னிருந்தா தோத்துத்தான் போயிருப்பேன். அப்படியே வச்சுக்குவோம். இதைப் பத்தி இனிமே பேச வேணாம்."

சரி என்றார். பேசவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஆறு வாரத்தை இரண்டு பேரும் கடந்தார்கள்.

பிரச்சாரம் ஆரம்பித்தது. அவள் வக்கீலுக்கு ஓட்டுக் கேட்டுப் போனாள். போகாமல் இருந்தால் சீட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்பார்கள். வக்கீல் நல்லவர்தான், ஆனால் ஒரு தெரு தெரியாது, ஒரு ஆள் தெரியாது. ஜீப்பில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, இது யார் வீடு, இங்கே என்ன குறை, யாரைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று அவள்தான் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்க உங்களுக்குத்தான்மா போடுவோம்னு இருந்தோம் என்று சனங்கள் சொல்லும்போதெல்லாம் சிரித்து, இவருக்குப் போட்டா எனக்குப் போட்ட மாதிரி என்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வீங்கிய காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்திலேயே இன்னொரு வாளியில் அவர் கால்.

அந்த நாட்களில் மீட்டர்காரர் வாழ்க்கையிலேயே நினைத்துப் பார்க்காத ஒன்றை நினைத்தார். நாம் தோற்க வேண்டும் என்று நினைத்தார். வக்கீல் தோற்றால் கணக்குத் தப்பு என்று ஆகும். கணக்குத் தப்பு என்றால் அவள் இழந்தது ஒன்றும் இல்லை என்று ஆகும். நாற்பது வருடம் கட்சிக்கு உழைத்தவன் நினைக்கிற நினைப்பா இது என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூட்டத்தில் கை தட்டும்போதே, தோற்கட்டும் தோற்கட்டும் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

மனசு அப்படி என்றால் கால் வேறு மாதிரி. வாக்குப்பதிவு நாளன்று விடிந்ததும் அது தன்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. பட்டியலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் வராத வீடுகளைத் தட்டினார். நடக்க முடியாத ஒரு கிழவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து, ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டார். தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒருவர் தன் பக்கத்து ஓட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்ததை என்னவென்று சொல்வது. பழக்கம், வேறென்ன.

எண்ணிக்கை நாளன்று அவரை முகவராக உள்ளே உட்கார வைத்தார்கள். முதல் சுற்றில் எண்ணூறு பின்னால். அவருக்கு மூச்சே லேசானது. இரண்டாவது சுற்றில் இன்னும் பின்னால். பக்கத்தில் இருந்தவர்கள் முகம் செத்துப்போக, இவர் மட்டும் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். ஐந்தாவது சுற்றில் சமமாக வந்தது. பிறகு ஒவ்வொரு சுற்றும் ஏறியது. அவர் மனசுக்குள் குறித்து வைத்திருந்த ஊர் ஊரான கணக்கு, எந்த ஊருக்கு எவ்வளவு என்று நினைத்திருந்தாரோ அந்தந்தப் பெட்டியில் ஏறக்குறைய அப்படியே விழுந்துகொண்டு வந்தது. பகல் மூன்றரைக்கு முடிவு அறிவித்தார்கள். பதினோராயிரத்து இருநூற்று ஆறு ஓட்டு வித்தியாசத்தில் வக்கீல் ஜெயித்தார்.

வக்கீல் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார், உங்க ஊர்தான் என்னைக் கரை சேத்துச்சு என்றார். மாவட்டம் எல்லார் முன்னாலும், மீட்டர் அண்ணன் சொன்னா சொன்னதுதான், பதினோராயிரம்னு அப்பவே சொன்னாரு என்று பெருமையடித்தார். யாரோ மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, வெடிச் சத்தத்துக்கு நடுவே நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் எத்தனை பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள் என்று அவருக்கு நினைவில்லை.

அவள் கடையில்தான் இருந்தாள். ரேடியோவைப் போடவில்லை, ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். வெடிச் சத்தத்தில் ஜெயித்தது தெரிந்திருக்கும். எவ்வளவு என்று தெரிந்திருக்காது. பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்ளோ?" என்றாள்.

எண்ணூறு, ஆயிரம், ஏதோ ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாளைக்குப் பேப்பரில் வரப்போகிறது. அதுவும் இல்லாமல், இனி அவளிடம் கழித்துச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"பதினோராயிரத்து இருநூத்தி ஆறு."

ஊசி துணியிலேயே நின்றது. தெருவில் சிரிப்பும் கூச்சலுமாக ஆட்கள் போனார்கள். வாழ்க என்று அவள் பெயரையும் சேர்த்துக் கத்தினான் ஒருவன். ஆறு வாரமாக இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்த பொய் அவ்வளவுதான், போய்விட்டது. அவருக்குக் கண் கலங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை.

"அப்ப நான் ஜெயிச்சிருப்பேன்," என்றாள். அது கேள்வி இல்லை. ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஜெயிச்சிருப்ப," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"இதை நீங்க அன்னைக்கே எழுதியிருக்கலாமே."